மாப்பிள்ளை போட்டுப் பார்த்த கோட்டு

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். உன் கணவரின் நலத்தை விசாரிக்கவில்லை. கேட்காமலேயே அவர் சொல்லிவிடுவார்.

என் மகள் தையற்கடை திறந்த அன்று முழங்கால் வலி என்று நீ வராமல் இருந்தாயே, புண்ணியம் செய்தவள். முதல் வேலையாக ஒரு தலைமையாசிரியைக்குக் கோட்டு தைத்துக் கடை ஜன்னலில் மாட்டியிருந்தாள். வாய் திறந்து பேசாத பிள்ளை, அதைப் பார்த்துப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். உன் கணவர், நம் வீட்டு மாப்பிள்ளை, வந்தார். வாழ்த்தினாரா? கோட்டை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். பொத்தான் வயிற்றைச் சுற்றி வரவில்லை. "எனக்கு எதப் போட்டாலும் எடுப்பா இருக்கும்" என்கிறார். போதாதென்று வந்தவர்களிடமெல்லாம், "இந்தப் புள்ளையத் தையல் படிக்கச் சொன்னதே நான்தான். நான் இல்லேன்னா கடை ஏது?" என்று ஒரே முழக்கம். ஊசியில் நூல் கோக்க உன்னைக் கூப்பிடுகிற மனுஷன்! நானும் எவ்வளவுதான் பொறுப்பேன்? "மாப்ளே, என் குடை ரிப்பேர் கடையில துணி வெட்டித்தான் அவ கத்தரி பிடிச்சா. அந்தத் தொழில நான் யார்கிட்டயும் கத்துக்கல, நானே..." என்று ஆரம்பித்தேன். சுருக்கமாகத்தான். கடை நிறைய ஆள் இருக்கும்போது சொல்லாமல் வேறு எப்போது சொல்வது? "மச்சான், உங்க கதைய அப்புறம் வச்சுக்கலாம்" என்றார். என் கதையையா! கோட்டைக் கழற்றும் என்று கையைப் பிடித்தேன், அவர் திமிறினார், தோளில் தையல் விட்டுக் கோட்டுக் கை என்னோடு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை உள்ளே நுழைகிறார். மாப்பிள்ளை கூசாமல், "அப்பவே சொன்னேன், தையல் பத்தாதுன்னு" என்றாரே பார், என் மகளின் முகம் சுண்டிப்போயிற்று. "ரெண்டு பேரும் பேசி முடிங்க" என்று சொல்லி ஷட்டரை இழுத்துவிட்டாள். அன்று மூடிய கடை இன்னும் திறக்கவில்லை. "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்கிறாள். நான் பெற்ற பிள்ளைக்கு வராதாம்! என் மனம் என்ன பாடுபடும், நினைத்துப் பார்.

தன்னைத் தவிர யாரையும் பார்க்காத ஒருவர் குடும்பத்தில் இருந்தால், மற்றவர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். அவர் வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்கட்டும். அதுவரை உன் வாசலை மிதிக்க மாட்டேன்.

மாப்பிள்ளை நீங்கலாக அனைவருக்கும் என் ஆசிகள்.

அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மகளிடம் படித்துக் காட்டினேன். "மாமா இருக்காரு, நீங்க இருக்கீங்க. இதுல நான் எங்கே இருக்கேன்பா?" என்றாள். எழுதலாமென்றால் தாளில் இடமில்லை. அதற்குள் கோட்டுக் கையை எடுத்துக்கொண்டு கடையைத் திறக்கப் போய்விட்டாள். மாமாவும் நானும் அந்தப் பக்கமே வரக்கூடாதாம். ஆகவே மன்னிப்பெல்லாம் இருக்கட்டும், வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். மாப்பிள்ளையை எங்கும் போகவிடாதே. பாதியில் நின்ற என் கதையைக் கேட்க இங்கே ஆள் இல்லை.