பலசரக்கு சேச்சியின் ஐந்து வருமானம்

கேரள எல்லையில் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும், ஒரே வருமானத்தை நம்பி நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்த அத்தனை பேருடைய உறக்கத்தையும் ஒற்றை ஆளாகக் கெடுத்தவர் பலசரக்கு சேச்சி. பெயரைக் கேட்டுக் கடைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். என்னைப்போல அவரும் நிதி ஆலோசகர். எந்தக் காப்பீடு எடுக்கலாம், எந்த ஃபண்டில் பணம் போடலாம் என்று வீடுவீடாகப் போய்ச் சொல்லி, கமிஷனில் பிழைக்கிற பிழைப்பு. ஜங்ஷனில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே எங்கள் கம்பெனியின் கிளை. சேச்சி, நான், ஸ்டீபன், எங்கள் மூவரையும் மேய்க்க ஒரு மேனேஜர். அவ்வளவுதான் ஆபீஸ்.

எல்லாம் காரோடு என்ற ஊரில் ஒரு மீனவர் வீட்டில் ஆரம்பித்தது. நானும் சேச்சியும் போயிருந்தோம். பணத்தை ஒரே இடத்தில் போடக்கூடாது, நாலாகப் பிரிக்க வேண்டும் என்று சேச்சி அரைமணி நேரம் விளக்கினார். பெரியவர் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"சரியாக்கும் பிள்ளே. உனக்கு எத்தற இடத்துல இருந்து வருமானம் வருது?"

"ஒரு இடம்," என்றார் சேச்சி.

"அப்ப நீ போய் அதைச் சரியாக்கிட்டு வா. நான் இங்கதான் உண்டு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சேச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. கண்டக்டர் மீதிச் சில்லறை தராமல் போனபோதும் பேசவில்லை. அப்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது.

அடுத்த மாதம் தனுவச்சபுரத்தில் அவர் வீட்டு ரப்பர் மரங்களுக்கு அடியில் ஆறு தேன்பெட்டிகள் வந்தன. அவர் மேஜையில் பாலிசிப் படிவங்களுக்குப் பக்கத்தில் தேன்பாட்டில்கள் ஏறின. பாலிசியைப் புதுப்பிக்க வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மூன்று பாட்டில் தேனோடு சந்தோஷமாகப் படியிறங்கிப் போனார். பாலிசி ஞாபகம் அவருக்கு வரவே இல்லை. மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மூன்றாவதாக, பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். மாணவி எவ்வளவு பயந்தாலும் சேச்சி பின்னால் உட்கார்ந்துகொண்டு பயப்படவே மாட்டார். அந்தத் தைரியத்தில் ஒரு டீச்சர், சாலையோரம் விற்பனைக்கு அடுக்கியிருந்த ஏத்தன் வாழைக்குலைகளுக்குள் வண்டியை நேராக விட்டார். யாருக்கும் அடியில்லை. குலைகளுக்குத்தான் அடி. மொத்தத்தையும் சேச்சியே விலைகொடுத்து வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். ராத்திரிக்குள் அத்தனையும் சிப்ஸாகிவிட்டது. மறுநாள் ஜங்ஷன் டீக்கடையில் விற்றும் தீர்ந்தது. அப்படி வந்தது நாலாவது வருமானம். டீச்சர் பிற்பாடு வந்து மன்னிப்புக் கேட்டபோது, சேச்சி அவருக்கு ஒரு பாக்கெட் சிப்ஸ் கொடுத்து நன்றி சொன்னார்.

ஐந்தாவது, பழைய பத்திரங்கள். இங்கே பாதிக் குடும்பங்களுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் நிலம் உண்டு. தமிழ்ப் பத்திரத்தை மலையாளத்திலும், மலையாளப் பத்திரத்தைத் தமிழிலும் எழுதிக்கொடுக்க ஆள் வேண்டும். சேச்சிக்கு இரண்டும் ஒரே வாயில் வருகிற பாஷை. எழுதிக்கொடுத்தார். "இது ஆபீசா, பலசரக்குக் கடையா?" என்று மேனேஜர் ஒருநாள் கத்தினார். அன்றிலிருந்து அதுவே பெயர். அவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று இப்போது யாருக்கும் தெரியாது.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தான் திருந்தியதும் எங்களையும் திருத்தக் கிளம்பினார். முதலில் ஸ்டீபன். சர்ச் பாடகர் குழுவில் கீழ்ஸ்தாயி பாடுகிறவர். அவர் தும்மினாலே ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தக் குரலைச் சும்மா வைத்திருப்பது குற்றம் என்று சொல்லி, மைக் கட்டிய ஜீப்பில் ஏற்றி அறிவிப்புக்கு அனுப்பிவிட்டார். முதல் வேலை ஒரு அம்மன் கோயில் திருவிழா. ஸ்டீபன் கணீரென்று அறிவித்தார். பொங்கல், பெண்கள் விளக்குத் தட்டேந்தி வரும் தாலப்பொலி, வாணவேடிக்கை எல்லாம் சொல்லி முடித்து, பழக்கதோஷத்தில் கடைசியில் "ஆமென்" என்றும் சொல்லிவிட்டார். அன்று ராஜினாமாக் கடிதத்தோடு கோயில் கமிட்டி ஆபீசுக்குப் போனார் மனுஷர். கமிட்டித் தலைவர் வயிறு குலுங்கச் சிரித்து, அடுத்த வருஷத்துக்கும் அவரையே பேசி முன்பணம் கொடுத்தார்.

அப்புறம் நான். எனக்கு ஒன்றும் தெரியாது சேச்சி என்று கைவிரித்தேன்.

"காலையில எந்திச்சதும் என்ன செய்வே?"

பேப்பர் படிப்பேன், அதில் உள்ள எழுத்துப்பிழைகளைக் கண்டுபிடித்துப் பெண்டாட்டியிடம் திட்டுவேன் என்றேன்.

"அதுக்கு பைசா வாங்கினா என்ன மக்கா? அவளுக்கும் கொஞ்சம் ஆசுவாசம் கிடைக்கும்லா."

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம் ஒன்றில் பிழை திருத்த என்னை உட்கார வைத்தார். அங்கிருந்து சர்ச் மலர், கல்லூரி மலர் என்று போய், கடைசியில் வாராவாரம் நீங்கள் படிக்கிற இந்தப் பக்கத்தை எழுதுவதில் வந்து நிற்கிறேன்.

மேனேஜர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். சேச்சி முழுநேரமும் கம்பெனிக்கு உழைப்பதில்லை, மற்றவர்களையும் கெடுக்கிறார் என்று தலைமை அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதினார். எட்டுப் பக்கம். தலைப்பு, துணைத்தலைப்பு, இணைப்புகள் எல்லாம் உண்டு. விசாரிக்க எர்ணாகுளத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார்.

சாதுவான மனுஷர். மேனேஜர் டீயும் சிப்ஸும் வரவழைத்து வைத்தார். சிப்ஸ் நன்றாக இருக்கிறது என்று அதிகாரி இரண்டு தடவை சொன்னார். அது சேச்சி போட்டது என்று எங்கள் மூவருக்கும் தெரியும், டீக்கடையிலிருந்து வரவழைத்த மேனேஜருக்குத் தெரியாது. அதிகாரி ஒரு தாளை நீட்டினார். வேறு எந்தத் தொழிலும் செய்யமாட்டேன் என்று சேச்சி கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் போக வேண்டும். அடுத்த தாள் எனக்குத்தான்.

சேச்சி தாளைப் படித்தார். பேனாவைத் திறந்தார்.

"போடுதேன் சார். அதுக்கு முன்னே நீங்க தாழ ஒரு வரி எழுதணும். இந்த ஆபீசு அடுத்த வருஷமும் இங்க உண்டுன்னு."

அதிகாரி சிரித்துக்கொண்டேதான் பேனாவை வாங்கினார். தாளில் வைத்தார். பேனா நகரவில்லை. கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது வரைக்கும் எங்களுக்குக் கேட்டது. கடைசியில் அவர் பேனாவை மூடிவிட்டு, மூன்று மாதத்தில் கிளையை மூடப்போகிறார்கள், இன்னும் அறிவிக்கவில்லை என்று மெல்லச் சொன்னார்.

நானும் ஸ்டீபனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது: எனக்குப் பயம் வரவில்லை. அச்சகம் இருந்தது. ஸ்டீபனுக்கு ஜீப் இருந்தது. பயந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தவர் மேனேஜர் ஒருத்தர்தான். வீட்டுக்கடன் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை அவருக்கு.

அதிகாரி போனதும் சேச்சி நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றார். இப்போது பதிலுக்குப் பதில் கொடுக்கப்போகிறார் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன்.

"சாருக்கு என்ன வேலை நல்லா வரும்?"

மேனேஜர் நிமிரவில்லை. "உங்க மேல புகார் எழுதினேன். அதுதான் வரும் எனக்கு."

"அதிகாரி காட்டினதை நானும் வாசிச்சேன் சார். அம்சமா எழுதியிருக்கிய. அது போதும்."

மருந்துக்கடை வாசலில் ஒரு மேஜை போட்டு, பொதுமக்களுக்குப் புகாரும் மனுவும் எழுதிக்கொடுக்க அவரை உட்கார வைத்தார். முதலில் வந்த அம்மாள், ஓடாத மிக்ஸியை மாற்றித்தர மறுத்த கடைக்காரனால் ஒரு வருஷமாக அலைந்தவர். மேனேஜர் நாலு பக்கம் எழுதினார். அதைப் படித்த கடைக்காரன் புது மிக்ஸியோடு மறுநாள் அந்த அம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டான். அந்த வாரம் மேஜைக்கு முன்னால் காரக்கோணத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

மூன்று மாதம் கழித்துக் கம்பெனி தன் பலகையைக் கழற்றிக்கொண்டு போனது. அதே அறையை நாங்கள் நாலு பேரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்தோம். முறைப்படி உரிமம் வாங்கி, எங்கள் பெயரிலேயே ஆலோசனை நிலையம் திறந்தோம். பழைய வாடிக்கையாளர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். கமிஷனை நம்பி வாழவேண்டிய அவசியம் இல்லாததால், தேவையில்லாத பாலிசியை வேண்டாம் என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. அப்படிச் சொல்வதைக் கேட்கவே புதிதாக ஆட்கள் வந்தார்கள். காரோட்டுப் பெரியவரிடம் சேச்சி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். அவர் உள்ளே போய்ப் பாஸ்புக்கை எடுத்துவந்து கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் சேச்சி வாயை மூடவே இல்லை.

போன மாதம் மகளுடைய பிரசவத்துக்காக சேச்சி பெங்களூருக்குப் போனார். அந்த ஐந்து வேலையையும் நாங்கள் மூன்று பேர் பார்த்தோம். தேன்பெட்டியைத் திறந்த மேனேஜரின் முகத்தை மூன்று நாள் அவர் மனைவியே அடையாளம் காணவில்லை. ஸ்டீபன் சிப்ஸைக் கரிக்கட்டையாக்கினார். நான் ஸ்கூட்டர் வகுப்பில் மாணவியைவிடச் சத்தமாக அலறினேன். இருந்தும் வருமானத்துக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனாலும் சாயங்காலமானால் யாருக்கும் அறையில் இருப்புக்கொள்ளாது; சீக்கிரமே பூட்டிவிட்டுப் போய்விடுவோம்.

அவர் திரும்பி வருகிற நாளில், பேப்பர் வாங்க என்று வீட்டில் சொல்லிவிட்டு ரயில் நிலையத்துக்குப் போனேன். பிளாட்பாரத்தில் ஸ்டீபன் நின்றிருந்தார், டிக்கெட் விசாரிக்க வந்தாராம். சற்றுத் தள்ளி, வீக்கம் இன்னும் வற்றாத முகத்தோடு மேனேஜர் நின்றிருந்தார், யாரிடமோ ஒரு மனுவைக் கொடுக்க வந்தாராம். வண்டி வர ஒரு மணி நேரம் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, வண்டி வருகிற வடக்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம்.