வலதுபக்கம் மட்டும் திரும்பிய கல்யாணக் கார்

ஓட்டுவதற்காகக் கார் வாங்குகிறவர்கள் உண்டு; அடுத்தவர் திரும்பிப் பார்ப்பதற்காக வாங்குகிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது ரகம். (சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே ஸீட். வேறென்ன சொல்ல?)

பிரிசில்லா அக்காவின் கல்யாணத்தில், மணப்பெண்ணைச் சர்ச்சுக்கு அழைத்துப்போகும் பொறுப்பு என்னுடையது. சும்மா இருப்பேனா? பெங்களூர் அடுகோடியில் ஒரு வீல் கடைக்குப் போனேன்.

"இது சின்னது மேடம், வெயிட் கம்மி, வண்டி பறக்கும். இது பெரிசு, அகலம். ஓட்டம் மந்தமாயிடும், ஆனா லுக்கை அடிச்சுக்க முடியாது" என்றார் கடைக்காரர்.

"பறக்கறதுக்கு பெங்களூர்ல ரோடு எங்க இருக்கு? பெரிசையே போடுங்க!" (என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.)

தனியாக ஓட்டியபோது ஒரு குறையும் தெரியவில்லை. கல்யாணத்தன்று காக்ஸ் டவுன் வீட்டு வாசலில் அக்கா, கூடாரம் போன்ற கவுனோடு இடது ஸீட்டில் ஏறினாள். அந்தப் பக்கம் வண்டி தாழ்ந்தது. முதல் இடது திருப்பத்திலேயே 'கர்ர்ர்' என்று சக்கரம் மட்கார்டில் உரசியது. ரப்பர் கருகும் நாற்றம்.

"என்னடி ரீனா, சத்தம்?"

"புது வீல்க்கா, அப்படித்தான் இருக்கும்."

பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "மேடம், ஹொகே பர்த்தா இதே!" என்று கன்னடத்தில் கத்தினார். புகை வருகிறதாம்.

வலதுபக்கம் திருப்பினால் சத்தமில்லை. சரி, வலதுபக்கமாகவே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். சேர்ந்தும்விட்டேன். ஆனால் சர்ச் கேட் இடதுபக்கம் இருந்தது.

கேட்டருகே கோட்டும் சூட்டுமாக மாப்பிள்ளை ஆல்வின். சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள். ஸ்டியரிங்கை ஒடித்தேன். கர்ர்ர்! பயந்துபோய் நேராக்கினேன். நிறுத்தலாமென்றால் பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்துத் துரத்தியது. மணப்பெண் மாப்பிள்ளையைக் கடந்து போய்விட்டாள்.

"அடிப்பாவி, சர்ச் போயிடுச்சுடி!"

"சுத்தி வந்துடலாம்க்கா!"

வலதுபக்கமாகவே சுற்றிச்சுற்றி மறுபடி அதே கேட்டுக்கு வந்தேன். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. ஆல்வினின் அம்மா பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். மறுபடி கர்ர்ர், மறுபடி கடந்தோம். கண்ணாடியில் பார்த்தால், ஆல்வின் பூங்கொத்தோடு எங்கள் பின்னால் ஓடிவருகிறார்.

"ரீனா, நிறுத்து! அவளுக்கு இஷ்டமில்லன்னா அவளே சொல்லட்டும்!" என்று கத்தினார்.

பிரேக்கை மிதித்தேன். அக்கா கதவைத் திறந்துகொண்டு நடுரோட்டில் குதித்தாள்.

"எனக்கு இஷ்டந்தாங்க! இவ வண்டிக்குத்தான் இஷ்டமில்ல!"

மூச்சிரைக்க நின்றவரின் கையைப் பிடித்துக்கொண்டு, கவுனைத் தூக்கிச் செருகியபடி, சர்ச்சுக்கு நடந்தே போனாள். நான் ஹஸார்ட் விளக்கைப் போட்டுவிட்டு ஸ்டியரிங்குக்குக் கீழே ஒளிந்துகொண்டேன்.

மறுவாரமே சின்ன வீல் மாட்டிவிட்டேன். என்ன பிரயோஜனம்? இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் ஆல்வின் மாமா காபியை நீட்டிவிட்டு ஆரம்பித்துவிடுவார்:

"மத்த பொண்ணுங்க ஒரு தடவை பாத்துட்டு ஓகே சொல்லிடுவாங்க. என் பொண்டாட்டி கல்யாணத்தன்னைக்கே ரெண்டு ரவுண்டு வந்து பாத்துட்டுத்தான் இறங்கினா."