மாப்பிள்ளை மோதிரமும் இரண்டு நிமிட நூலும்

அறிவுரை என்பது கேட்டவனுக்குப் பலிக்கிறதோ இல்லையோ, சொன்னவனுக்கு உடனே பலித்துவிடும். சொல்லி முடித்த அந்த நொடியில் நெஞ்சு இரண்டு அங்குலம் விரியும் பாருங்கள், அந்தச் சுகத்துக்கு நான் அடிமையாகக் கிடந்தேன். (இப்போது திருந்திவிட்டேனா என்று என் மனைவியிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.)

அப்போது இரும்புலியூரிலிருந்து சிறுசேரிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். போக ஒன்றரை மணி நேரம். வர எவ்வளவு நேரம் என்பது அன்றைய டிராஃபிக்கின் இஷ்டம். அந்த பஸ்ஸில் பிறந்ததுதான் ‘கேளுங்க, சொல்றோம்’ என்கிற வாட்ஸ்அப் குரூப். குக்கரில் விசில் வரவில்லை, வெள்ளைச் சட்டையில் ஊறுகாய்க் கறை, சுவரில் இருக்கும் பல்லி போகமாட்டேன் என்கிறது என்று யாராவது ஒரு வரி போட்டால் போதும், இருபது பேர் பதிலோடு பாய்வோம். கேள்வி வராத நேரத்தில் அதிசயங்கள் ஓடும். தேன் கெட்டுப்போகாதாமே! வௌவால் தலைகீழாகத்தான் தூங்குமாமே! ஒவ்வொன்றுக்கும் நான் சீட்டில் எம்பிக் குதிப்பேன். பக்கத்து சீட்காரர் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

குரூப்பின் அட்மின் ரேவதி அக்கா. கம்பெனியில் அவருக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. எதையும் சோதிக்காமல் நம்பமாட்டார். அதனால் குரூப்பில் ஒரு சட்டம் வைத்திருந்தார்: நாமே செய்து பார்த்த குறிப்புக்குத்தான் பச்சை டிக் போடுவார். நான் நான்கு மாதமாக ஓயாமல் எழுதியும் ஒரு டிக் வாங்கவில்லை. ஏனென்றால் எல்லாமே எங்கிருந்தோ வந்த சரக்கு. ஒருநாள், “ஆக்டோபஸுக்கு மூணு இதயம்!” என்று போட்டேன். உடனே அவரிடமிருந்து பதில் வந்தது: “எண்ணிப் பார்த்தியா தம்பி?”

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர் அண்ணன்கூட கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார், அவர் குரூப்பிலேயே கிடையாது.

இந்த அவமானத்தோடு நான் துடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மதியம். மறுநாள் காலை பெருங்களத்தூரில் ஒரு மண்டபத்தில் என் அக்கா மீனாவுக்கு நிச்சயதார்த்தம். இரண்டு வரன் தட்டிப்போய், மூன்றாவதாக அமைந்த சம்பந்தம். மாப்பிள்ளை சதீஷ் தங்கமானவர். ஆனால் அவருடைய பெரியம்மாவுக்குச் சகுனம் முக்கியம். பெண் பார்க்க வந்த அன்று பல்லி கத்தியது என்று பாதி குடித்த காபியைக் கீழே வைத்தவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைக்குப் பெண்ணின் தம்பிதான் மோதிரம் போட வேண்டும். அந்த மோதிரம் பீரோவில் இருந்தது, சாவி என் பொறுப்பில். (யாரிடம் எதைக் கொடுப்பது என்று எங்கள் வீட்டில் யோசிப்பதில்லை.)

அப்போது குரூப்பில் ஸ்டீபன் கேட்டான்: “மச்சான்ஸ், விரல்ல மோதிரம் மாட்டிக்கிச்சுன்னா எப்படி எடுக்கறது?”

எனக்குத் தெரியும்! வீடியோவில் பார்த்திருந்தேன்! மோதிரத்துக்கு அடியில் நூலின் ஒரு முனையை நுழைத்து, மீதியை விரலில் நெருக்கமாகச் சுற்றி, பிறகு பிரித்தால் மோதிரம் தானாக வழுக்கிக்கொண்டு வரும். ‘நூல் போதும், இரண்டே நிமிஷம்’ என்று தட்டினேன். ரேவதி அக்கா விடுவாரா? “செஞ்சு பார்த்தியா?”

செய்துதான் பார்ப்போமே என்று வெறி வந்துவிட்டது. செய்து பார்க்க இறுக்கமான மோதிரம் வேண்டும். என்னிடம் மோதிரமே இல்லை. சதீஷுக்கு விரல் வெண்டைக்காய் மாதிரி, எனக்கோ முருங்கைக்காய்க்கு அண்ணன் மாதிரி. பீரோவைத் திறந்தேன். மோதிரத்தை விரலில் திருகித் திருகி ஏற்றினேன். கணுவைத் தாண்டியதும் ‘டக்’கென்று உட்கார்ந்தது. ஆஹா, எவ்வளவு அருமையான இறுக்கம் என்று மகிழ்ந்துபோனேன். அந்த மடையனை இன்றைக்குப் பார்த்தால் அறைவேன்.

அம்மாவின் தையல் நூலைச் சுற்றினேன், பிரித்தேன். மோதிரம் நகரவில்லை. சரி, இன்னும் ஐந்து நிமிடத்தில் எப்படியும் வந்துவிடும், அதற்குள் போட்டு வைப்போம் என்று, மறுபடி நூலைச் சுற்றி, மோதிரம் தெரியாதபடி விரலைப் படமெடுத்து ‘வெற்றி! செய்து பார்த்தாச்சு!’ என்று அனுப்பினேன். அடுத்த நிமிடமே ரேவதி அக்காவின் பச்சை டிக்! கைதட்டல்கள், பூங்கொத்துகள்! வீட்டுக்குள் ஒரு சுற்று ஆடினேன். டிக் வந்துவிட்டது, மோதிரம்தான் வரவில்லை.

தேங்காய் எண்ணெய், சோப்பு, ஷாம்பு, ஐஸ் கட்டி. சாயங்காலத்துக்குள் விரல் வீங்கிச் சிவந்து என்னுடையதாகவே இல்லை. வேறு வழியில்லாமல் குரூப்பில் நைசாகக் கேட்டேன்: “என் ஃப்ரெண்டுக்கு நூல் வச்சும் மோதிரம் வரலையாம். வேற ஐடியா இருக்கா?”

ரேவதி அக்கா எழுதினார்: “நீதான் ரெண்டு நிமிஷத்துல எடுத்த ஆளாச்சே. போய் எடுத்து விடு.”

கையை உயரத் தூக்கி வைத்தால் வீக்கம் வடியும் என்பதும் நானே முன்பு வழங்கிய குறிப்புதான். ஹாலில் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தேன். அப்பா கடந்து போனார். “என்னடா, பஸ்ஸை நிறுத்தறியா?” அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்: “மோதிரம் பத்திரமா இருக்காடா?”

“என் கையிலயே இருக்கும்மா” என்றேன். (சத்தியமான வார்த்தை.)

காலையில் விரலைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, காலிப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். கதவில் நசுங்கிவிட்டது என்று சொன்னதுதான் தாமதம், பார்த்தவர் எல்லாம் வைத்தியம் சொன்னார்கள். சுண்ணாம்பு தடவு, சின்ன வெங்காயத்தை வதக்கிக் கட்டு என்றார்கள். ஒருவர் என் கையைப் பிடித்து உதறியே விட்டார். அறிவுரை கேட்பவன் பாடு என்ன என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. குரூப்பிலிருந்து ஸ்டீபனும் ரேவதி அக்காவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தபோது பிளாஸ்திரி விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

தட்டு மாற்றி முடிந்தது. “பொண்ணோட தம்பி வாங்க, மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுங்க” என்று கூப்பிட்டார்கள்.

மேடை ஏறிப் பெட்டியைத் திறந்தேன். காலி. பெரியம்மா எழுந்து நின்றுவிட்டார். “மோதிரம் எங்க?”

பிளாஸ்திரியை உரித்துக் கையைக் காட்டினேன். மண்டபமே கழுத்தை நீட்டிப் பார்த்தது. வீடியோக்காரர் மட்டும், “அண்ணே, கைய கொஞ்சம் லைட்டாண்ட காட்டு, ஒண்ணியும் தெரியாம கீது” என்றார்.

“வெட்டித்தான் எடுக்கணும்” என்றது ஒரு குரல். “நிச்சய மோதிரத்த வெட்டறதா? ஆரம்பமே இப்படியா?” என்று பெரியம்மா நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்தார். நான் அக்காவைப் பார்த்தேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை, அவள் கண் நிறைந்துவிட்டது. அந்த நிமிடம் எனக்கு விரலையே வெட்டிக் கொடுத்துவிடலாம் போல இருந்தது. இரண்டு வரன் போனபோதும் அழாதவள், ஒரு பச்சை டிக்குக்காக நான் செய்த வேலையில் அழுதாள்.

“தம்பி, நேத்து ரெண்டு நிமிஷத்துல எடுத்தேன்னியே?” ரேவதி அக்கா மேடைக்கே வந்துவிட்டார்.

“எடுக்கலக்கா” என்றேன். “பொய் சொல்லிட்டேன்.”

“நூலை எந்தப் பக்கத்துலேருந்து பிரிச்ச?”

“நகத்துப் பக்கத்துலேருந்து.”

“அங்கேருந்து பிரிச்சா நூல்தான் வரும்! மோதிரத்துக்கு அடியில விட்ட முனையைப் பிடிச்சுப் பிரிக்கணும்.” கைப்பையிலிருந்து நூல்கண்டை எடுத்தார். விளக்குப் பக்கத்திலிருந்த எண்ணெயில் இரண்டு சொட்டுத் தடவினார். விரல் நீலமாகும்வரை இறுக்கிச் சுற்றினார். நான் அலறிய அலறலில் நாதஸ்வரக்காரர் ஏதோ குறிப்பு என்று நினைத்து கெட்டிமேளத்துக்குக் கைகாட்டிவிட்டார். மேளம் முழங்க, நூல் பிரியப் பிரிய, மோதிரம் ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று கணுவில் ஏறியது. மண்டபமே “வருது, வருது!” என்று கத்தியது. பெரியம்மாதான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார். மோதிரம் வழுக்கி ரேவதி அக்காவின் உள்ளங்கையில் விழுந்தபோது எழுந்த கைதட்டல் மாதிரி எந்தக் கல்யாணத்திலும் நான் கேட்டதில்லை.

“கெட்டிமேளத்தோட வந்திருக்கு, நல்ல சகுனம்” என்று தீர்ப்புச் சொல்லிப் பெரியம்மா பையைக் கீழே வைத்தார். நான் மோதிரத்தைப் போட, சதீஷ் குனிந்து சொன்னார்: “டெஸ்ட் பண்ணிக் குடுத்ததுக்கு தேங்க்ஸ் மச்சான்.” அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் தொடையில் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது.

என் டிக்கை ரேவதி அக்கா அன்று மதியமே, பந்தியில் உட்கார்ந்தபடி, பிடுங்கிக்கொண்டார். ஆல்பத்தில் என் நீல விரல் மட்டும் இரண்டு பக்கம் வருகிறது. பீர்க்கன்கரணையில் அக்கா வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அந்தப் பக்கங்கள்தான் திறக்கும். சதீஷ் மாமா கதை சொல்லுவார். போன தீபாவளிக்குச் சொன்னபோது அதில் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு மாமா நன்றாக ஊதிவிட்டார். அக்காவின் கைமணம் அப்படி. சென்ற மாதம் அக்கா போன் செய்தாள். அதே மோதிரம் மாமா விரலில் இறுகி, எதற்கும் அசையமாட்டேன் என்கிறதாம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எந்த முனை, எந்தப் பக்கம், எல்லாம் இப்போது அத்துப்படி! வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். “இதோ பத்தே நிமிஷத்துல அங்க இருப்பேன்க்கா!”

“நீ ஒண்ணும் வர வேணாம்” என்றாள் அக்கா. “ரேவதி அக்கா நம்பரை மட்டும் அனுப்பு.”