கேட்காமல் சமைத்த கிறிஸ்துமஸ் விருந்து

மனிதருள் மிகவும் நல்லவர்களும், அந்நல்ல குணத்தாலேயே மிகவும் ஆபத்தானவர்களும் ஒரே இனத்தார்தாம்: பிறர் மனத்தைக் கேட்காமலே அறிந்தவர்கள். நீங்கள் ஒருமுறை தும்மினால் மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். உங்கள் தலை நரைத்திருந்தால் தேநீரில் சர்க்கரை போடமாட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்தீர்களானால், பாவம் களைத்துவிட்டார் என்று படுக்கையை விரித்துவிடுவார்கள். அதற்குமேல் நீங்கள் என்ன சொல்வது? இவ்வினத்தைப் பற்றி இவளுக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று இப்போது நினைக்கிறீர்கள். வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, எனக்குத் தெரியும்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடொன்றில் வாழும் பிலோமினா அம்மையார் இவ்வினத்தின் தலைசிறந்த மாதிரி. அவருடைய மகள் ஜெசிந்தாவைக் கிள்ளானைச் சேர்ந்த கிஷனுக்கு மணமுடித்துக் கொடுத்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. சம்பந்தி இராமலிங்கமும் அவர் மனைவி மாதவியும் முதன்முறையாகக் கிறிஸ்துமஸ் இரவு விருந்துக்கு வரவிருந்தார்கள். இந்துக் குடும்பத்துக்கு வாழப் போன பெண்ணின் மதிப்பு முழுவதும் இந்த ஒரு வேளைச் சாப்பாட்டில்தான் இருக்கிறது என்று பிலோமினா முடிவு செய்துவிட்டார். யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொன்னால்தானா தெரியும்?

டிசம்பர் முதல் தேதியன்று பட்டியல் எழுதப்பட்டது. பன்றி விண்டாலூ, மாட்டிறைச்சி வறுவல், இறால் சம்பல், ஆட்டிறைச்சிப் பிரட்டல், பழக்கேக். அவருடைய கணவர் அந்தோணிசாமி பதினொரு மாதங்களாகக் காத்திருந்த பட்டியல் அது. மறுநாளே அது மெலியத் தொடங்கிற்று. அடுத்த வீட்டு ஹபீபாவும் விருந்துக்கு வருவதால் பன்றி போயிற்று. பன்றி வெந்த பாத்திரங்களெல்லாம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய், புதுச் சட்டிகள் வந்தன. சம்பந்திக்காக மாடு போயிற்று. திருமண நிச்சயத்தன்று மாதவி இரண்டு முறை முழங்கையைச் சொறிந்ததைப் பிலோமினா கவனித்திருந்தார். ஒவ்வாமை என்பது உறுதியாகி, இறால் போயிற்று. கொசுவாக இருந்திருக்கலாமே என்று எண்ணுகிறவர் இவ்வினத்தில் சேர முடியாது.

எஞ்சியது பிரட்டல். அம்பாங்கிலிருந்தும் டெங்கிலிலிருந்தும் உறவினரை இழுத்துவரும் பிரட்டல். அதற்கும் முடிவு வந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இராமலிங்கம் கறுப்பு வேட்டியும் ஐயப்ப மாலையுமாக நின்ற படம் வெளியாயிற்று.

“போச்சு. மட்டனும் போச்சு,” என்றார் பிலோமினா.

“மாலைய எப்பக் கழட்டுறாருன்னு ஒரு போன் போட்டுக் கேளேன் பிலோ,” என்றார் அந்தோணிசாமி.

“நல்லா இருக்கு! என்ன சாப்புடுவீங்கன்னு கேட்டா அவங்களுக்குச் சங்கடமா இருக்காது?”

“அப்ப ஜெசிந்தாகிட்டயாச்சும் கேளு லா.”

“அவ நேரா மாமியார்கிட்ட போய்ச் சொல்லுவா. நமக்கு ஒன்னும் தெரியலன்னு நெனைப்பாங்க.”

“நமக்குத்தான் ஒன்னும் தெரியலையே!”

“உங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரியும்.”

“சரி, எனக்கு என்ன வேணும்னாவது தெரியுமா?”

“உங்களுக்குக் கொலஸ்ட்ரால் இருக்கு.”



இவ்வாறு மூன்று மதங்களையும், ஒரு முழங்கையையும், ஓர் இருதயத்தையும் மனத்திற்கொண்டு, அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் விருந்து ஒரு சீன சைவக் கடையின் வாசலில் போய் நின்றது. சோயாவில் செய்த பொய் ஆடு, பொய் வாத்து, பொய் மீன். மீனுக்குக் கடற்பாசியால் தோல்கூட ஒட்டியிருந்தார்கள். கேக்கில் முட்டையும் இல்லை.

கிறிஸ்துமஸ் இரவு இராமலிங்கம் வண்ணப் பூப்போட்ட பாத்தேக் சட்டை அணிந்து வந்தார். கழுத்தில் மாலை இல்லை. மேசைமுன் அமர்ந்து, இரு கைகளையும் தேய்த்துக்கொண்டார்.

“மலைக்குப் போய்ட்டு வந்து மாலை கழட்டி ஒம்பது நாளாச்சு சம்பந்தி. மாதவி அன்னைக்கே கோழி ஆக்கறேன்னா. நான்தான் வேணாம்னுட்டேன். மொத கவுச்சி சம்பந்தி வீட்டுப் பெரட்டல்தான்னு நாக்கக் கட்டிப் போட்டு வெச்சிருக்கேன்!”

பிலோமினா சட்டியின் மூடியைத் திறந்தார். வேறென்ன செய்வது?

இராமலிங்கம் ஒரு துண்டை வாயிலிட்டு மென்றார். மறுபடியும் மென்றார். “ரொம்ப சாதுவான ஆடு போல இருக்கு,” என்றார்.

கிஷன் தலையைக் குனிந்துகொண்டான். ஜெசிந்தா தாயைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாத பிலோமினா, கேட்காமலே சமைத்த உண்மையைச் சொல்லிவிடுவதற்குப் பதிலாக, நிமிர்ந்து நின்று ஒரு பெரும் பொய்யைச் சொன்னார்.

“இது சோயா சம்பந்தி. எங்க வீட்டுல எல்லாருக்கும் இதுதான் உசுரு.”

அந்தோணிசாமிக்குப் புரையேறிற்று.

அந்நேரத்தில் ஹபீபா ஒரு பெரிய பாத்திரத்துடன் உள்ளே நுழைந்தார். “சம்பந்தி வீட்டுக்காரங்க மொத தடவ வர்றாங்க, வெறுங்கையோட வர முடியுமாக்கா? மட்டன் பிரியாணி.” தேங்காய்ச் சில்லுக்குக் கூடிய எறும்புகளைப் போல எல்லாரும் அந்தப் பாத்திரத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். இராமலிங்கம் மூன்றாம் முறை தட்டை நீட்டினார். கொலஸ்ட்ரால் உள்ளவர் நான்காம் முறை நீட்டினார். பொய் மீன் தன் தோலோடு அப்படியே கிடந்தது. பிலோமினா இவற்றையெல்லாம் கனிவோடு பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், ஹபீபாவின் மனம் நோகக் கூடாதென்று எவ்வளவு சிரமப்பட்டுச் சாப்பிடுகிறார்கள்!

விடைபெறும்போது மாதவி, பிலோமினாவின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். அவர் கண்களில் உண்மையான அன்பு இருந்தது.

“சீனப் பெருநாள் லீவுக்கு நீங்க ரெண்டு பேரும் கிள்ளானுக்கு வந்துரணும் சம்பந்தி. ஆடு எடுத்து ஆக்கலாம்னு இவரு சொன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன். உங்களுக்கு உசுரு இந்த சோயாக்கறிதானே? நாலு கிலோ சொல்லி வெச்சிடறேன்.”

“ஐயோ சம்பந்தி, அதெல்லாம் எதுக்கு? வேணவே வேணாம்,” என்று பதறினார் பிலோமினா.

“கூச்சப்படாதீங்க. சரி, அஞ்சு கிலோவா வாங்கிடறேன்,” என்றார் மாதவி.

தம் மகள் அந்நியரிடம் போய்ச் சேரவில்லை, தம் இனத்தாரிடமே போய்ச் சேர்ந்திருக்கிறாள் என்பது பிலோமினாவுக்கு அந்த நொடியில் விளங்கியிருக்க வேண்டும். விளங்கியதா என்று நான் கேட்கவில்லை.

நீங்களோ இதை வாசிக்கும்போது யாரோ ஓர் அம்மையாரை நினைத்துச் சிரித்தீர்கள். அவருக்கு இதை அனுப்பலாமா என்று எண்ணினீர்கள். பிறகு, வேண்டாம், மனம் வருந்துவார் என்று முடிவும் செய்துவிட்டீர்கள்.

அவரைக் கேட்டீர்களா?