முப்பது வீடும் மூக்கு அண்ணாச்சியும்

வியாபாரம் பிடித்துத் தருகிறேன் என்று காலையில் கிளம்பிப் போய், தானாக வந்த வியாபாரத்தையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, மத்தியானம் நம் வீட்டிலேயே வந்து உட்கார்ந்து மோர் கேட்கிற மனுஷன் திருநெல்வேலிச் சீமையில் ஒருவர்தான் உண்டு. அவர் பேட்டையில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. மூக்கு அண்ணாச்சி வீடு எது என்று கேட்டால் பால்காரரிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளை வரைக்கும் வழி காட்டும். சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால்தான் முழிக்கும். நாற்பது வருஷமாக ஒரே தெருவில் இருக்கிறோம், எனக்கும் தெரியாது.

மூக்கு ஒன்றும் பெரிய மூக்கு இல்லை. கொண்டைக்கடலை அளவுதான். அது பார்க்கிற வேலைதான் பெரிசு. மில்லில் துணி சோதிக்கிற இடத்தில் இருந்தவர். தறியிலிருந்து வருகிற துணியை விரித்துப் பார்த்து, இங்கே இழை விட்டிருக்கிறது, அங்கே எண்ணெய் பட்டிருக்கிறது என்று கழித்துப் போடுவதுதான் வேலை. வேண்டாம் என்று சொல்வதற்கே சம்பளம் வாங்கினவர். ரிட்டயர் ஆன பிறகு அந்த வாய் சும்மா இருக்குமா? எந்தத் துணியைக் கண்டாலும் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுப்பார். அப்புறம் தீர்ப்புச் சொல்வார். ஒருமுறை கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் துண்டை முகர்ந்து பார்த்து, நேற்றைக்கும் இதே துண்டோடுதான் சாப்பிட்டீரா என்று கேட்டதில், அந்த மனுஷன் பாயசத்துக்கு முன்னாலேயே எழுந்து போய்விட்டார். அது வேறு கதை. அதைச் சொன்னால் இன்றைக்கு முடியாது.

என் மகன் முருகேசன் பதினோரு வருஷம் தோஹாவில் இருந்தான். ஒரு பெரிய ஹோட்டலில் துணி துவைக்கிற பிரிவில் வேலை. போன வருஷம் வந்தவன், இனிமேல் போகவில்லை என்று சொல்லிவிட்டு, பெரிய மெஷின் இரண்டும் ஆவியில் தேய்க்கிற பெட்டி ஒன்றும் வாங்கிப் பின்கட்டில் போட்டான். வீடு வீடாகப் போய் அழுக்குத் துணியை வாங்கி வந்து, துவைத்துத் தேய்த்து, மறுநாள் அந்த வீட்டு வாசலிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிற தொழில். ஆனால் பழைய கம்பெனி விடவில்லை. ஆள் அனுப்புகிற காயல்பட்டினத்து பாய் வாரா வாரம் போன் போட்டார். இடம் காலியாக இருக்கிறது, கார்த்திகை கடைசிக்குள் வருவதா இல்லையா என்று சொல்லிவிடு, அதற்கு மேல் என் கையில் இல்லை என்றார். நல்ல மனுஷன், தங்கமான பேச்சு. ஆனாலும் அவர் குரல் கேட்டாலே நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

நிலையாகத் துணி போடுகிற வீடு முப்பது இருந்தால் இங்கேயே பிழைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று முருகேசன் சொல்லிவிட்டான். பதினோரு வருஷம் என் பிள்ளையை போன் கண்ணாடிக்குள் பார்த்தவள் நான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகள் பேச்சிதான் எழுதுகிறாள். ஆனால் முப்பது வரைக்கும் நன்றாக எண்ணத் தெரியும்.

முதலில் நோட்டீஸ் அடித்தான். 'எந்தக் கறையும் போகும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதாகப் படித்துக் காட்டினான். நானும் தலையை ஆட்டினேன். மறுநாள் காலையில் ஏழு பேர் வாசலில் நிற்கிறார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். பார்த்தால் ஏழு பேர் கையிலும் வாழைக்கறைத் துணி. ஒருவர் வாழைத்தார் மண்டியில் வேலை, ஒருவர் தோட்டம் வைத்திருக்கிறவர், ஒரு அம்மாள் சமையலுக்குப் போகிறவள். ஆற்றுத் தண்ணீர் பாய்கிற இடமெல்லாம் வாழை போட்டிருக்கிற ஊரில் எந்தக் கறையும் போகும் என்று ஒருவன் நோட்டீஸ் அடிப்பானா? பாலைவனத்தில் பதினோரு வருஷம் இருந்தவனுக்கு வாழைக்கறை மறந்துபோயிருக்கிறது.

அந்த ஏழு பேருக்குப் பின்னால் எட்டாவதாக மூக்கு அண்ணாச்சி வந்தார். கையில் நோட்டீஸ்.

"ஏலே முருகேசா, நீ வாழைக்காயே தின்னதில்லையா?"

அவரே ஏழு பேரையும் துணியோடு திருப்பி அனுப்பினார். இது போகாது, போகும் என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள் என்று புத்தியும் சொன்னார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து, மிச்சம் இருந்த நோட்டீஸ் அத்தனையிலும் அந்த வரியைப் பேனாவால் அடித்தார். ஐந்நூறு நோட்டீஸ். நான் மூன்று தரம் மோர் கொடுத்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நாளையிலிருந்து நானும் கூட வாரேன் என்று சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. ஏனென்றால் முருகேசன் முகம் ஊருக்கு மறந்துபோயிருந்தது. முன்பின் தெரியாத ஆளிடம் உடுத்திய துணியை யார் எடுத்துக் கொடுப்பார்கள்? அண்ணாச்சி தலை தெரிந்தால் எந்தக் கதவும் திறக்கும். திறந்த கதவு வழியாகத் துணி வெளியே வராது, அதுதான் சங்கடம்.

முதல் வீடு டீச்சர் வீடு. மகராசி எட்டுச் சேலையை அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாளாம். அண்ணாச்சி ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, ஐந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இது அரைநாள் கல்யாண வீட்டில் உட்கார்ந்த சேலை, உதறி நிழலில் போட்டால் போதும். இது பட்டு, துவைத்தால் பாழ். இந்த மூன்றும் பீரோவுக்குள் இருந்த வாடைதானே தவிர அழுக்கே இல்லை என்றாராம். அடுத்த வீட்டில் மஞ்சள் கறை பட்ட சட்டை. அதை வெயிலில் எப்படி வைத்தால் தானாகப் போகும் என்று பாடம் நடத்தினார். பாடம் கேட்கப் பத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். பத்துப் பேரும் வீட்டுக்குப் போய் அவரவர் துணியை அவரவர் வெயிலில் போட்டுக்கொண்டார்கள். முருகேசன் டீச்சர் வீட்டு மூன்று சேலையோடு மட்டும் திரும்பி வந்து, மெஷினைத் துடைத்தான்.

பேங்கில் வேலை பார்க்கிற பையன்கள் நாலு பேர் ஒரு மாடியில் இருந்தார்கள். அங்கே அழுக்குக்குப் பஞ்சமே இல்லை. சுவரோரம் குவிந்து கிடந்ததாம். அதிலாவது வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டு வரக் கூடாதா? ஒரு தலையணை உறையை எடுத்து முகர்ந்தவர், மூன்று அடி பின்னால் போய்விட்டார். ஏதோ அவசரத்துக்கு வேண்டும் என்பது போல அந்த உறைக்குச் சொந்தக்காரப் பையனிடமே அவன் அம்மா நம்பரை நைசாகக் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று முருகேசன் போனிலிருந்தே சங்கரன்கோவிலுக்குப் போன் போட்டார்.

"யம்மா, பையன் நல்லாருக்கான். ஒண்ணும் பயப்படாதீக. தலையாணி உறைதான் நல்லால்ல. சித்திரையில துவைச்சதாம், இப்போ ஐப்பசி."

நாலு பையன்களும் அன்றைக்கே, இனிமேல் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முருகேசனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தெருவில் வைத்தே, என் பிழைப்பைக் கெடுக்காதீர், நாளையிலிருந்து வராதீர் என்று சொல்லிவிட்டான். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். அன்றைக்கு மோரும் கேட்கவில்லை. ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்க இரண்டே நாள். எங்கள் கையில் நாலு வீடு.

ஒரு வாரம் முருகேசன் தனியாக அலைந்தான். போன இடமெல்லாம், அண்ணாச்சி வரலியா என்று கேட்டுவிட்டு, அடுத்த வாரம் பார்ப்போம் என்று கதவைச் சாத்தினார்கள். நான் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டேன். என்ன நேர்ந்துகொண்டேன் என்று சொல்லமாட்டேன், பேச்சி எழுதிவிடுவாள்.

எட்டாம் நாள் சங்கரன்கோவில் அம்மாள் போன் போட்டாள். போனைப் பேச்சி எடுத்தாள், நான் பக்கத்தில் நின்று கேட்டேன். என் மகனை ஒன்றும் கேட்க வேண்டாம், வாரா வாரம் போய் எல்லாத் துணியையும் அள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள், நான் அவனிடம் பேசிக்கொள்கிறேன் என்றாள். ஒரே ஒரு நிபந்தனை. அன்றைக்குப் பேசின பெரியவர் கூடப் போகவேண்டும். போய்ப் பார்த்துவிட்டுத் தனக்குப் போன் போட்டுச் சொல்லவேண்டும். மறுநாள் தென்காசியிலிருந்து ஒரு அம்மாள். அதற்கு மறுநாள் கோவில்பட்டியிலிருந்து இரண்டு பேர். திருநெல்வேலியில் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிற பிள்ளைகளின் அம்மாமார் எல்லாம் ஒருத்தி சொல்லி ஒருத்தி கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் அந்த மூக்குதான் வேண்டும்.

முருகேசன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பான்? நான்தான் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்.

"என்ன அண்ணாச்சி, கோவமா?"

"கோவம் என்ன கோவம், தங்கச்சி. பிழைப்பைக் கெடுக்கேன்னு சொல்லிட்டான்."

"கெடுக்கத்தான செஞ்சீக."

"ஆமா. சுத்தமான துணியை அழுக்குன்னு சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்கு. நான் என்ன செய்ய?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வாருங்கள், சங்கரன்கோவில் அம்மாள் உங்களைத்தான் கேட்கிறாள் என்றேன். சட்டைப் பொத்தான் போடாமலேயே கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு முருகேசனை முன்னால் விட்டு இவர் பின்னால் போனார். டீச்சரும் தானாகவே கூப்பிட்டாள். அவள் அம்மா உடுத்திய பழைய பட்டு, ஓரத்தில் எண்ணெய் பட்டது, பத்து வருஷமாக யாரிடமும் கொடுக்கப் பயந்து வைத்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஆளிடம்தான் கொடுக்க முடியும் என்று சொல்லி அண்ணாச்சி கையில் கொடுத்தாள். முருகேசன் அந்த எண்ணெயை மட்டும் பக்குவமாக எடுத்துக் கொடுத்தான். பள்ளிக்கூடத்து டீச்சர்மார் ஆறு பேர் அதற்குப் பிறகு வந்தார்கள். நான் தினமும் எண்ணினேன். பத்து, பதினாறு, இருபத்திமூன்று. நடுவில் அண்ணாச்சி ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டைப் பற்றி என்னவோ சொல்லி ஒரு வீடு குறைந்தது. அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை.

கார்த்திகை கடைசி நாள் வந்தது. சாயங்காலம் நாலு மணிக்குக் காயல்பட்டினத்து பாய் போன் போடுவார். காலையிலிருந்து எண்ணிப் பார்க்கிறோம், இருபத்தொன்பது. பேச்சி நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், ஏதோ புரட்டினால் ஒரு வீடு கூடிவிடும் என்பது போல. இருபத்தொன்பது போதாதா என்று நான் கேட்டேன். முப்பதே இழுபறிதான் எம்மா, அதற்கும் குறைந்தால் தைரியம் வரவில்லை என்று சொல்லிவிட்டு முருகேசன் போனைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். அண்ணாச்சி கொஞ்ச நேரம் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஊற்றி வைத்த மோரைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

மூன்றே முக்காலுக்கு ஒரு மஞ்சள் பையோடு வந்தார்.

"எழுதிக்கோம்மா பேச்சி. முப்பது."

பேச்சி நோட்டைத் திறந்து, பேர் என்ன அண்ணாச்சி என்று கேட்டாள். மூக்கு என்றே எழுது, என் பேரைச் சொன்னால் எனக்கே யாரோ என்றிருக்கும் என்றார். நான் பையை வாங்கிப் பிரித்தேன். ஒரு வேட்டி, இரண்டு சட்டை. வேட்டியில் தேய்த்த மடிப்புக்கூடக் கலையவில்லை. முகர்ந்து பார்த்தேன். நீலமும் சோப்பும்தான் மணத்தது.

"அண்ணாச்சி, இது துவைச்ச வேட்டியில்லா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அழுக்குத் துணி, தங்கச்சி. நான் சொல்லுதேன்ல."

அப்போது போன் அடித்தது. முருகேசன் எடுத்து, நான் வரலை பாய், இங்கனயே இருந்துக்கிடுதேன் என்றான். பாய் என்ன சொன்னாரோ, இவன் சிரித்தான். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பை நேரில் கேட்டேன்.

இன்றைக்கு எங்களுக்கு எழுபது வீடு. அண்ணாச்சி இன்னமும் வீடு வீடாகப் போய்ப் பாதித் துணியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. சனிக்கிழமை தோறும் தன் சலவை வேட்டியைக் கொண்டுவந்து, அழுக்கு என்று சொல்லி என் கையில் தருகிறார். நானும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்கிறேன். அதை மட்டும் மெஷினில் போட விடுவதில்லை. துவைக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் வாளியில் தண்ணீர் பிடித்து, என் கையாலேயே அலசிக் கொடியில் போடுகிறேன்.