காவ்யா மாட்டிய ஆசை அட்டை

கார்வேட்டிநகரம்,
ஐப்பசி 14.

மரியாதைக்குரிய மச்சான் முரளிதரன் அவர்களுக்கு, ஆதிநாராயணன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை கிருஷ்ணம்மாவும் இரண்டு எருமைகளும் சௌக்கியம். நாயுடுபேட்டையில் நீங்களும் அக்காவும் உங்கள் முழங்கால் வலியும் எப்படி என்று தெரியப்படுத்தவும். போனில் சொன்னால் பாதியிலேயே நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள் என்பதால் கடிதம். பயப்பட வேண்டாம், நல்ல சேதிதான்.

நீங்கள் சொன்ன வரன் வீட்டார் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களே, அதை என் மகளிடம் நேரில் சொல்லலாம் என்று சனிக்கிழமை அரிசி மூட்டையோடு திருப்பதிக்கு, அவள் தங்கியிருக்கும் அறைக்குப் போனேன். காவ்யா வேலைக்குப் போயிருந்தாள். கட்டிலுக்கு மேலே சுவரில் பெரிய அட்டை. அதில் ஒரு விமானம், ஒரு ஸ்கூட்டர், ஒரு மாடி வீடு, அந்த வீட்டு வாசலில் தாடி வைத்த ஒருவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். இவள் யாரையோ மனதில் வைத்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். கூடத் தங்கியிருக்கும் ஸ்ரீஜாவைக் கேட்டேன். "அது விஷன் போர்டு அங்கிள். லைஃப்ல இன்னா வேணுமோ அத படமா ஒட்டிட்டு தினம் பாத்துக்கினே இருந்தா, மனசு வேற எங்கயும் போவாது. நடந்துடும்" என்றாள். தாடிக்காரனையும் தினம் பார்க்கிறாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண் தண்ணீர் எடுக்கப் போன சமயம் பார்த்து அவனை மட்டும் பிய்த்தேன், அட்டையே கழன்று என் தலையில் விழுந்தது, விமானமும் ஸ்கூட்டரும் கையோடு வந்துவிட்டன, பதற்றத்தில் ஸ்கூட்டரைப் படத்து வீட்டின் மொட்டை மாடியில் ஒட்டிவிட்டு, ஆசாமியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, டீக்கடையில் காட்டி, "இவன எங்கனா பாத்துக்கிறியாபா?" என்று கேட்டேன். கடைக்காரர் கிளாசைக் கழுவிக்கொண்டே முகவாயால் எதிர்ச் சுவரைக் காட்டினார். அங்கே அதே ஆள், ஆறடி உயரத்தில், பெயிண்ட் டப்பாவும் கையுமாகச் சிரிக்கிறான். வீட்டுப் படத்துக்காகக் காவ்யா வெட்டிய பெயிண்ட் விளம்பரத்தில் வாசலில் நின்ற பாவத்துக்கு அவனும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறான். மச்சான், எனக்குப் போன உயிர் வந்தது. இரண்டு டீ குடித்தேன்.

அறைக்குத் திரும்பிப் போய் அவனை அட்டையில் மறுபடி வாசலில் நிறுத்தும்போதுதான் கீழே இருந்த எழுத்தைப் பார்த்தேன். அறையில் இருப்பவர்களுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது என்று தமிழில் எழுதியிருக்கிறாள், வீட்டில் நான் சொல்லிக்கொடுத்த தமிழ். 'விமானம்: அடுத்த வருஷம். சொந்த வீடு: அஞ்சு வருஷம். கல்யாணம்: அவசரம் இல்லை.' எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேச்செடுத்தாலே எழுந்து போகிறவள், கல்யாணத்துக்கும் மனதில் ஓர் இடம் வைத்திருக்கிறாள் பாருங்கள். கொஞ்சம் மெதுவாக என்கிறாள், அவ்வளவுதானே. அதனால் நானே வரன் வீட்டுக்குப் போன் போட்டு, "வெள்ளிக்கிழம வாணாம், தையில வந்து பாருங்க, பங்குனியில முடிச்சுடலாம், பொண்ணுக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டேன். புத்தூரில் மண்டபத்துக்கும் சொல்லியாகிவிட்டது. காவ்யாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை. ஒரு வருஷமாக வராத தூக்கம் நேற்று வந்தது.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஏழுமலையான் நல்ல படிப்பையும் நல்ல பற்களையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
நிம்மதியுடன்,
ஆதிநாராயணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதை உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். 'அவசரம் இல்லை' வந்ததும் நிறுத்தச் சொன்னாள். "அவ தெலுங்குல படிச்சவ. தெலுங்குல அவசரம்னா தேவை. கல்யாணமே தேவயில்லன்னு எழுதி வச்சிக்கிறா, நீங்க மண்டபம் பேசிக்கினு வந்துக்கிறீங்க" என்றாள். சந்தையில் தினம் தெலுங்கில் நானே சொல்கிற வார்த்தைதான் மச்சான், தமிழ் எழுத்தில் பார்த்ததும் தமிழாகவே படித்துவிட்டேன். காவ்யாவுக்குப் போன் போட்டு, "நீ எழுதனது தமிழ் அவசரமா, தெலுங்கு அவசரமா, சொல்லும்மா?" என்று கேட்டேன். "தெலுங்குதான் நைனா. உன்கிட்ட சொல்ல பயந்துக்கினுதான் செவுத்துல எழுதனேன்" என்றாள். என்னிடம் பயந்தாளே என்று வருத்தமாக இருந்தது. சொல்லிவிட்டாளே என்று, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆறுதலாகவும் இருந்தது. மண்டபத்துக்காரரை நான் பார்த்துக்கொள்கிறேன். வரன் வீட்டாரிடம் மட்டும் நீங்கள் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். இது அவசரம், இரண்டு மொழியிலும்.