பிக்கப் பேசுகிறவர்

ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகளைவிட வேகமாகப் பெருகிவரும் ஓர் இனம் உண்டு: புதிதாகச் செடான் வாங்கியவர். நேற்றுவரை அவரும் சின்னக் கார்தான் ஓட்டினார். அதில்தான் கல்யாணங்களுக்குப் போனார், திருத்தணிக்குப் போனார், மழைத் தண்ணீரில் நீந்திக்கூட வீடு சேர்ந்தார். செடான் வந்த மறுநாளே, “அதெல்லாம் ஒரு வண்டியா?” என்று காறித் துப்புவார். டீக்கடையில் யார் எதைத் தொடங்கினாலும், ஓவர்டைம் சம்பளமோ, மாமனாரின் மூட்டுவலியோ, பேச்சு பிக்கப்பில்தான் வந்து முடியும். பிக்கப் என்றால், மிதித்ததும் வண்டி பாய்கிற பாய்ச்சல். பாய்வதற்கு இடம்? அதை யார் கேட்டார்கள்?

படப்பை தசரதனைப் பாருங்கள். பக்கத்து வீட்டு யாக்கோபு, மகள் ஷெர்லினை நுழைவுத் தேர்வுக்காகத் தண்டலம் அழைத்துப்போகத் தன் பழைய குட்டிக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னாபா, பரீட்சைக்குப் போற பொண்ண இந்தத் தகர டப்பாலயா இட்டுனு போவ? நம்ம வண்டில வா. மிதிச்சா தண்டலம்தான்!”

தெருவே பார்க்கிறது. எப்படி மறுப்பது? யாக்கோபு சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். “நம்ம வண்டிலயே போலாம்பா” என்று ஷெர்லின் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

செடான் பாய்ந்தது. முன்னால் நின்ற லாரியின் முதுகுவரை. பிறகு வேகத்தடை.

“எல்லாம் எறங்குங்க. ஆள் இருந்தா வண்டியோட அடி மேட்ல தட்டும்.”

இறங்கினார்கள். கோலத்தை மிதிக்காமல் தாண்டுகிறவனைப்போல வண்டி குறுக்கே சாய்ந்து மேட்டைக் கடந்தது. ஏறினார்கள். மீண்டும் பாய்ச்சல், மீண்டும் லாரி, மீண்டும் மேடு, மீண்டும் நடை. யாக்கோபுவின் கார் இந்த மேடுகளையெல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரித் தாண்டிவிடும்.

“அங்கிள், லேட்டானா கேட்ட மூடிருவாங்க. அப்பறம் அடுத்த வருசம்தான்.”

“இந்த வண்டில லேட்டுன்ற பேச்சே கெடையாதும்மா. உங்கப்பன் டப்பால வந்திருந்தா இன்னா ஆயிருக்கும், நெனச்சிப் பாரு!”

போய்ச் சேர்ந்திருப்பாள். யாக்கோபு அதைச் சொல்லவில்லை. மரியாதை தெரிந்த மனிதர்.

அடுத்த மேட்டில் இறங்கிய ஷெர்லின் கதவை ஓங்கி அறைந்தாள். பின்னால் வந்த ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, ஹால் டிக்கெட்டை நெஞ்சோடு பிடித்தபடி ஏறிக்கொண்டாள். லாரிகளின் இடுக்கில் ஆட்டோ நுழைந்து மறைந்தது.

தசரதனின் முகம் மலர்ந்துவிட்டது. “கேட்டியா யாக்கோபு, கதவு சாத்துன சவுண்ட? கும்முனு கீதில்ல? உன் டப்பாவா இருந்தா கதவே கையோட வந்திருக்கும்!”

யாக்கோபு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷெர்லின் தேர்வு எழுதினாள். காவலாளி கேட்டை இழுத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே நுழைந்துவிட்டாள். ஆனால், உங்கள் நாக்கு நுனியில் இவ்வளவு நேரம் நின்றது அவளைப் பற்றிய கேள்விதானா? இல்லை, அது எந்தக் கம்பெனி வண்டி என்பதா?

உண்மையைச் சொல்லுங்கள்.